ஏழு வீட்டுக்குக் கல் வைத்தவன்

திருகோணமலை டவுனில் எனக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அந்த மேசன் ஒரு வேலையை எடுத்தால் அதை முடித்துச் சாவியைக் கையில் தந்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவான் என்று சொல்கிறார்கள். துறைமுகப் பக்கம் ஒரு வீட்டுக்கு மேல்மாடி போட்டுக்கொண்டிருந்தபோது, வங்கியில் வேலை செய்யும் அந்த வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து என் பக்கத்தில் நின்று பார்ப்பார். ஒருநாள் அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்ததாம். ஒரே நேரத்தில் நாலு வேலையைத் தொடாதே, ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடு, அப்போதுதான் வேலை ஓடும் என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் நாள் முழுக்கத் திரையில் படம் போட்டுக் காட்டினாராம். "இது உங்களுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு. ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். நான் சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டே, அனுபவம்தான் ஐயா என்றேன். அவருக்கு மெத்தச் சந்தோசம். எனக்கு அன்று பின்னேரம் முழுக்க ஒருவரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை.

அந்த அனுபவம் என்னவென்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மேல்மாடியை வேறு ஆளிடம் கொடுத்திருப்பார். இங்கே எழுதி வைக்கிறேன். கல் பிடித்த விரல்களுக்குப் பேனை பிடிப்பது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனாலும் எனக்காக வேறு யாரும் இதை எழுதப் போவதில்லை.

நாங்கள் சம்பூர் ஆட்கள். இரண்டாயிரத்து ஆறில் ஊர் முழுக்க எழும்பி ஓடியபோது எனக்குப் பதினாறு வயது, அக்காவுக்கு இருபத்திரண்டு. பிறகு பத்து வருடம் முகாம். அப்பாவும் அம்மாவும் அந்தப் பத்து வருடத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக நோயில் போய்விட்டார்கள். அக்கா முகாமிலேயே முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். நான் முகாமுக்கு மலசலகூடங்கள் கட்டியபோது மேசன் வேலை பழகினேன். ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று விட்டபோது எங்கள் வளவில் கிணறு மட்டும்தான் இருந்தது. வீடு இருந்த இடத்தில் நாயுருவியும் விளாத்தியும் வளர்ந்து நின்றன. ஒரு மூலையில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் இருந்தோம்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு வேண்டும். சீதனத்தில் வேறு எதைக் குறைத்தாலும் வீட்டைக் குறைக்க ஏலாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். வீடில்லாத பெண்ணிடம் அவன் எங்கே வந்து இருப்பது? அக்காவின் வயதுக்காரிகள் எல்லாம் முகாமிலேயே கலியாணம் முடித்துத் தறப்பாள் கூடாரத்துக்குள் குடும்பம் நடத்தினார்கள். அக்கா மட்டும், ஊருக்குப் போய் வீடு ஒன்று எழும்பட்டும் என்று சொல்லிக்கொண்டே முப்பத்திரண்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டுதான் எல்லாவற்றையும் செய்தேன்.

மீள்குடியேறிய அடுத்த வருடம், வீடு கட்டக் கட்டம் கட்டமாக அரசாங்கம் காசு தரும் வீட்டுத்திட்டம் எங்களுக்கும் வந்தது. அதே நேரத்தில் அக்காவுக்கு ஒரு பேச்சும் வந்தது. மாப்பிள்ளை நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை, வயது முப்பத்தெட்டு, அமைதியான மனிதர். இரண்டு தரம் வந்து பார்த்தார். பிறகு பின்னேரங்களில் போன் எடுப்பார். அக்கா கிணற்றடிக்குப் போய் நின்று கதைப்பாள். ஒருநாள் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைக் கண்டேன். பத்து வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. வீடு முடிய ஆவணியில் கலியாணம் வைக்கலாம் என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லிவிட்டுப் போனார். வீடு கட்டப் போகிறவன் நான்தானே, அதனால் யாருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.

இனி நான் செய்த கூத்தைச் சொல்கிறேன்.

வீட்டுத்திட்டம் கிடைத்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மேசன் தேடினார்கள். எங்கள் ஊரில் வேலை தெரிந்த மேசன் நானும் இன்னும் இரண்டு பேரும்தான். வைகாசியில் அத்திவாரக் கல் வைக்கப் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் இரண்டுதான் இருந்தது. எல்லாருக்கும் அந்த இரண்டு நாளில் ஒன்று வேண்டும். நான் ஒருவருக்கும் ஏலாது என்று சொல்லவில்லை. முதல் நாளில் மூன்று வீடு, இரண்டாம் நாளில் நாலு வீடு, எங்கள் வீட்டையும் சேர்த்து மொத்தம் ஏழு வீட்டுக்குக் கல் வைக்க ஒத்துக்கொண்டேன். பேராசை என்று சிலர் சொன்னார்கள். அதுவும் இருந்ததுதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு. பத்து வருடம் வரிசையில் நின்று அரிசி வாங்கியவன் நான். இப்போது ஆறு வீட்டுக்காரர் என்னைத் தேடி வருகிறார்கள், தம்பி தம்பி என்று கெஞ்சுகிறார்கள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தலைக்கு ஏறிவிட்டது.

எங்கள் மேசன்மாருக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் ஈசான மூலையில் கல் வைத்த வீட்டில் மற்றவன் கை வைக்கமாட்டான். கல் வைத்தவன் தானாக வந்து, நீ கட்டு என்று, சுவர் வரிசை பிடிக்கிற தன் நூலைக் கையில் கொடுத்தால்தான் கட்டலாம். அதை மீறினால் வீட்டுக்கும் கூடாது, மேசனுக்கும் கூடாது என்று நம்புகிறார்கள். ஆகவே கல் வைத்துவிட்டால் அந்த வீடு எனக்குத்தான். முடித்தாலும் எனக்குத்தான், முடிக்காவிட்டாலும் எனக்குத்தான். இதெல்லாம் தெரிந்துதான் ஓடி ஓடி வைத்தேன்.

இரண்டாம் நாள் நல்ல நேரம் விடிய ஆறு பத்திலிருந்து ஏழு நாற்பது வரை. ஒன்றரை மணித்தியாலத்தில் நாலு வீடு. ஒன்று கட்டைபறிச்சானில், மற்ற மூன்றும் சம்பூரில். தேங்காய் உடைத்து, நவதானியம் போட்டு, பால் விட்டு, கல்லை வைத்து, வெற்றிலையை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அடுத்த வீட்டுக்கு. எங்கள் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன், சொந்த வீடுதானே என்று. நான் வந்து இறங்கியபோது நேரம் தப்பிவிட்டது. ஏழு ஐம்பது இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்கிறார்கள், ஐயர் முகத்தைச் சுளிக்கிறார். அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அதைக் கழற்றி மடிக்குள் வைத்துக்கொண்டு, இன்னும் ஐந்து நிமிசம் இருக்குது, வையுங்கோ என்றாள். ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. நான் கல்லை வைத்தேன்.

அதற்குப் பிறகு என் நாட்கள் எப்படிப் போயின என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். காலையில் முதல் வீட்டுக்குப் போவேன். நேற்று வேறு வீட்டில் நின்றதால் இங்கே எதில் விட்டேன் என்று ஞாபகம் இருக்காது. நூலை அவிழ்த்துத் திரும்பக் கட்டி, மட்டம் பார்த்து, மூலைக்கு மூலை அளந்து முடிய ஒரு மணித்தியாலம் போய்விடும். கூலிக்காரர் சாந்தைக் குழைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டு வரி கல் வைப்பேன். போன் அடிக்கும். கட்டம் முடிந்தால்தான் அரசாங்கம் அடுத்த கொடுப்பனவைத் தரும், ஆகவே எல்லாருக்கும் அவசரம். யாருடைய சத்தம் பெரிதோ அந்த வீட்டுக்குப் போவேன். குழைத்த சாந்து இங்கே பெட்டியில் கிடந்து இறுகும். அங்கே போனால் திரும்பவும் நூல், திரும்பவும் மட்டம். கல் வைத்த நேரத்தைவிட, விட்ட இடத்தைத் தேடிய நேரம்தான் கூட.

அளவுகள் தலைக்குள் கலந்தன. கட்டைபறிச்சானில் தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவருக்குக் கட்டினேன். அவருடைய குசினி யன்னலுக்கு, சம்பூரில் இன்னொருவர் வீட்டு அறை யன்னலின் அளவில் இடைவெளி விட்டுவிட்டேன். மனிதர் கையிலிருந்த குடையால் இடைவெளியை அளந்து பார்த்தார். இந்த யன்னலால் மாடும் வரும் என்றார். கூலிக்காரர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்து, சரி உடையுங்கோ என்று கத்தினேன். உடைத்துக் கட்ட இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் மற்ற ஐந்து வீட்டுக்காரரும் போனில் திட்டினார்கள். நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். வாறன், நாளைக்கு வாறன். அந்த வருடத்தில் அந்தச் சொல்லை எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா மட்டும் ஒருநாளும் போன் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவை என்ன, நான் இரவில் படுப்பதே அவளுடைய கொட்டிலில்தானே. காலையில் தேத்தண்ணீர் தருவாள். அதைக் குடித்துக்கொண்டே, எங்கள் வீட்டின் இடுப்பளவு சுவருக்குப் பக்கத்தால் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போவேன். அத்திவாரமும் அந்தச் சுவரும் ஆனி முடிவதற்குள் கட்டியவை. அதற்குப் பிறகு ஒரு கல்லும் வைக்கவில்லை. இன்றைக்கு எங்கே வேலை என்று மட்டும் அக்கா கேட்பாள். நான் சொல்வேன். கவனமாகப் போ என்பாள். அவ்வளவுதான். அவள் ஒரு தரம் சத்தம் போட்டிருந்தால் என்று நான் பிறகு பல தரம் நினைத்திருக்கிறேன். அது என்ன கேவலமான நினைப்பு. என் பிழையை அவளுடைய பொறுமையின் தலையில் போடுகிற நினைப்பு.

சுவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதுச் சுவருக்கு ஒரு கிழமைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அப்போதுதான் சீமெந்து நன்றாகப் பிடிக்கும். சுவர் கட்டிய அன்று, காலையும் பின்னேரமும் தண்ணி ஊத்துங்கோ அக்கா என்று சொல்லியிருந்தேன். எத்தனை நாளைக்கு என்று சொல்ல மறந்துவிட்டேன். அக்கா ஆடியிலும் ஊற்றினாள், ஆவணியிலும் ஊற்றினாள். முன்பள்ளிக்குப் போவதற்கு முதல் பதினைந்து வாளி, வந்த பிறகு பதினைந்து வாளி. கிணறு வற்றிக்கொண்டு போன நாட்களிலும் குளிக்கும் தண்ணீரைக் குறைத்துச் சுவருக்கு ஊற்றினாள். சுவரின் அடியில் பச்சைப்பாசி பிடித்துவிட்டது. நான் அதைத் தினமும் காண்கிறேன். ஒரு மேசனுடைய கண்ணுக்கு அது என்னவென்று தெரியாதா? ஆனால் தலைக்குள் ஆறு வீட்டு அளவுகள் ஓடிக்கொண்டிருந்தன. காணும் அக்கா, இனி ஊத்த வேண்டாம் என்று ஒரு வசனம் சொல்ல எனக்கு இடமில்லாமல் போய்விட்டது. இதை எழுதும்போது என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆடி முடியும் நேரம் மாப்பிள்ளையின் தாய் வந்தார். நிலாவெளியிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மூதூருக்கு ஒரு பஸ், பிறகு ஆட்டோ. வந்து இறங்கிய மனிசி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் வேலைக்குப் போயிருந்தேன், அக்கா பிறகு சொல்லித்தான் தெரியும். அக்கா அவரைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கோயில் வாசலில் வைத்து, வீடென்றால் ஏழெட்டு மாசம் எடுக்கும் அம்மா, தம்பி தனி ஆள், அவன் இரவு பகலாகப் பாடுபடுகிறான், வேறு ஆராலும் இதைவிடக் கெதியாகச் செய்ய ஏலாது என்று சொல்லியிருக்கிறாள். அந்தத் தாய் நம்பிப் போனார். அப்படியென்றால் தைக்கு வைப்போம் என்றாராம். அக்கா இதை எனக்குச் சொன்னபோது, எனக்காக வாதாடி வென்றுவிட்ட சந்தோசம் அவளுடைய முகத்தில் இருந்தது. அவள் அதை மனமார நம்பித்தான் சொல்லியிருந்தாள். வீடு கட்ட எத்தனை நாள் பிடிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்த மேசன் நான் ஒருவன்தான்.

மூதூரில் ஒரு மேசன் இருந்தான், முஸ்லிம் பொடியன், என் வயதுதான். ஒரு நேரத்தில் ஒரு வீடு மட்டும் எடுப்பான். இரண்டாவது ஆள் போய்க் கேட்டால், இப்போது ஏலாது, இது முடியட்டும், அதுவரை பொறுக்க முடியாவிட்டால் வேறு ஆளைப் பிடியுங்கோ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். நாங்கள் அவனை ஆமை என்று பகிடி பண்ணுவோம். உலகத்தில் இவனுக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்போம். புரட்டாதியில் அவன் என்னைத் தேடி வந்தான். கையிலிருந்த வீட்டை முடித்துவிட்டானாம். எங்கள் வளவைக் கடந்து போகும்போது சுவரைக் கண்டானாம். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மச்சான், கோவிக்காதீங்க. நீங்க ஒரு சொல்லு சொல்லி நூலைத் தந்தாக் காணும். அக்காட வீட்டை நான் முடிச்சுத் தாறன். மழைக்கு முந்திக் கூரை ஏத்திரலாம்."

நல்ல மனதோடுதான் கேட்டான். எனக்கோ செருப்பால் அடித்தது போலிருந்தது. என் அக்காவின் வீட்டை இன்னொருவன் கட்டுவதா, ஊர் என்ன சொல்லும், கூடப்பிறந்தவளுக்கே கட்டத் தெரியாதவன் என்றல்லவா சிரிப்பார்கள். நான், உங்களுடைய வேலையை நீங்கள் பாருங்கோ என்றேன். அவன் சைக்கிளில் ஏறிப் போனான். அன்று நான் நூலைக் கொடுத்திருந்தால் அக்கா இன்றைக்கு எப்படி இருந்திருப்பாள் என்று ஒவ்வொரு வருடமும் புரட்டாதி வரும்போது யோசிக்கிறேன். அந்த வேதனைக்கு மருந்து ஒன்றும் கிடையாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மாப்பிள்ளையின் மாமன் ஒருவர் குடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். சுவர் ஆடியில் இருந்த அதே உயரத்தில் நின்றது, பாசி மட்டும் ஏறியிருந்தது. அவர் ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கார்த்திகை கடைசியில் செய்தி வந்தது. சல்லிக் கிராமத்தில் வீடு வளவோடு ஒரு பெண் அமைந்துவிட்டதாம், குறை நினைக்க வேண்டாமாம். மாப்பிள்ளை தானே போன் எடுத்துச் சொன்னாராம், அழுதாராம். தாய்க்கு வயது போய்விட்டது, இனியும் இழுக்க ஏலாது என்றாராம். அக்கா இதை எனக்குச் சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள். நான் அன்றும் ஈரக் காற்சட்டையோடு மூன்று வீட்டுக்கு அலைந்துவிட்டு வந்திருந்தேன். அந்த மூன்று வீட்டிலும் சேர்த்து அன்று ஒரு அடி சுவர் எழும்பியிருக்குமோ தெரியாது.

தை பிறந்து மழை விட்ட முதல் நாள் நான் போனை நிறுத்தி அலுமாரிக்குள் போட்டேன். அக்காவின் சுவரில் நூலைக் கட்டினேன். ஆறு வீட்டுக்காரரும் வந்தார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். தபாற்கந்தோர்க்காரர் வீட்டுத்திட்டக் கந்தோரில் போய் என்மேல் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். இந்த வீடு முடியும்வரை நான் எங்கேயும் வரமாட்டேன், வேறு மேசன் பிடிப்பதென்றால் நூலைத் தருகிறேன் என்று எல்லாருக்கும் சொன்னேன். இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் பயந்தது போல வானம் இடிந்து விழவில்லை. வைகாசியில் சொல்லியிருக்க வேண்டிய சொல்லைத் தையில் சொன்னேன், அவ்வளவுதான்.

வேலை ஓடியது. எனக்கே அதிசயமாக இருந்தது. காலையில் எழும்பினால் நேற்றுக் கட்டிய நூல் அப்படியே நிற்கும். எங்கே விட்டேன் என்று தேட வேண்டாம். நேற்றுக் கடைசியாக வைத்த கல்லுக்குப் பக்கத்தில் இன்றைய முதல் கல். பாசியைச் சுரண்டிக் கழுவிவிட்டு ஏழு நாளில் யன்னலுக்கு மேல் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டேன். நிலையும் யன்னலும் ஒரு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன. குழைத்த சாந்து ஒரு கரண்டி வீணாகவில்லை. கூரை மரம் ஏற்றி, ஓடு போட்டு, உள்ளே பூசி, வெளியே பூசி, நிலத்துக்குச் சீமெந்து இழுத்தேன். பாட்டுக்கூடப் பாடினேன். இதை மறைக்க விருப்பமில்லை. அக்காவின் கலியாணம் குலைந்து இரண்டு மாதம் ஆகாத நேரத்தில், அவளுடைய வீட்டுக் கூரையில் ஏறி நின்று நான் சந்தோசமாகப் பாடிக்கொண்டு வேலை செய்தேன். அவள் கீழே நின்று தண்ணீர் எடுத்துத் தந்தாள்.

மாசி முடிவதற்குள் வீடு முடிந்துவிட்டது. தை முதல் வேலை நாளிலிருந்து எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொரு நாள். அத்திவாரத்துக்கும் பழைய சுவருக்கும் பத்து நாளைச் சேர்த்தாலும் ஒரு வீட்டுக்கு ஐம்பத்தொரு நாள். வைகாசியிலிருந்து கார்த்திகை முடியும்வரை எனக்கு ஏழு மாதம் இருந்தது. ஒவ்வொரு வீடாகக் கட்டியிருந்தால் அந்த ஏழு மாதத்தில் நாலு வீடு முடிந்திருக்கும். அக்காவின் வீட்டை முதலாவதாக எடுத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நாலாவதாக எடுத்திருந்தாலும் அவளுக்குக் கலியாணம் நடந்திருக்கும். இந்தக் கணக்கை நான் அப்போது போடவில்லை. அப்போது எனக்கு இருந்ததெல்லாம் நாற்பத்தொரு நாளில் முடித்த பெருமைதான்.

அக்கா அந்த வீட்டில் இப்போதும் தனியாகத்தான் இருக்கிறாள். முன்பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள். பிறகு வந்த ஒன்றிரண்டு பேச்சுகளுக்கு அவளே வேண்டாம் என்றுவிட்டாள். நான் மற்ற நாலு வீட்டையும் ஒவ்வொன்றாக முடித்துக் கொடுத்துவிட்டு, டவுனுக்கு வந்து கலியாணம் முடித்து, மனைவியின் வீட்டில் இருக்கிறேன்.

புது வீட்டுக்குக் குடிபூரல் அன்று நல்ல நேரம் தப்பவில்லை. அக்கா புது அடுப்பில் பால் காய்ச்சினாள். அக்கம்பக்கத்தார் இருபது பேரளவில் வந்திருந்தார்கள். மூதூர் மேசனும் வந்தான். நான் கூப்பிடவில்லை, அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் எங்கள் தொழிற்காரர் செய்வது போல, ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தான். மூலைகளை ஒற்றைக் கண்ணால் பார்த்தான். பிறகு குசினி வாசலுக்கு வந்து, நல்ல வேலை மச்சான் என்றான். எத்தனை நாள் எடுத்தது என்று கேட்டான்.

அவனுடைய அந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன் போல. "இடுப்பளவிலையிருந்து நாப்பத்தொரு நாள்," என்றேன். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் பலமாகவே சொன்னேன்.

அக்கா அடுப்படியில் குந்தியிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"நாப்பத்தொரு நாளோ?" என்றாள். பிறகு, "இந்த முறை மழை இல்லை. சீமெந்தும் நேரத்துக்கு வந்தது. அதாலைதானே தம்பி?" என்று கேட்டாள்.

அவள் எனக்கு வழிவிட்டுக் கேட்கிறாள் என்று விளங்கியது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் மூதூர் மேசன் பக்கத்தில் நிற்கிறான், அவனுக்கு எல்லாம் தெரியும். அவனுக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை.

"இல்லை அக்கா," என்றேன். "போனமுறையும் ஐப்பசி வரைக்கும் மழை இல்லைதானே. இந்தமுறை இந்த ஒரு வீட்டிலை மட்டும் நிண்டனான். வேறை ஒண்டும் இல்லை."

பால் பொங்கி வழிந்தது. வந்தவர்கள் நல்ல சகுனம் என்றார்கள். அக்கா துணியால் பிடித்துப் பானையை இறக்கி வைத்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னாள்.

"அப்ப அந்த அம்மாவுக்குக் கோயில் வாசல்லை வைச்சு நான் பொய்யோ சொன்னனான்?"

பிறகு அவள் தம்ளர்களை வரிசையாக வைத்துப் பாலை ஊற்றத் தொடங்கினாள். முதல் தம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் அதை வாங்கிக் குடித்தேன்.